குழியில் ஒரு வாழைமரம்

நிஷாந்தி செத்துப்போன செய்தி, தேயிலைத் தோட்டத்தில் காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூடும்போதே வந்துவிட்டது. கூடையோடு நின்ற பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். ஆண்களில் நாலைந்து பேர் மண்வெட்டியும் அலவாங்கும் எடுத்துக்கொண்டு மயானத்து மேட்டுக்குப் போனார்கள். குழி வெட்டப் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் அன்றைக்கு வேலை செய்ததாகவே பேர் போட்டுவிடுவார்கள். இந்தத் தோட்டத்துக்கு ரோடு வர நாளாகும், தண்ணீர் வர நாளாகும், ஆம்புலன்ஸ் வரவே வராது. குழி மட்டும் சொன்ன நேரத்துக்குத் தயாராகிவிடும்.

அந்தக் குழிதான் இப்போது ஊர்மிளாவுக்கு எதிரியாக நின்றது.

ஊர்மிளா, நிஷாந்தியின் அக்கா. பிள்ளை பிறந்த அன்று சாயங்காலம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையைப் பார்த்தவள். பிள்ளை நன்றாகத்தான் தூங்கியது, தாய்தான் வெளுத்துக் கிடந்தாள். "அக்கா, துணி நனைஞ்சுகிட்டே இருக்கு. கூப்பிட்டா யாரும் வர்றாங்க இல்ல" என்றாள். ஊர்மிளா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நர்ஸிடம் சொன்னாள். பிள்ளை பெற்றால் ரத்தம் போகத்தான் செய்யும், பயப்படாமல் போங்கள் என்று நர்ஸ் மேசையை விட்டு எழாமலே சொன்னாள். இவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள், பார்க்கிற நேரம் முடிந்தது என்று காவலாளி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டான். விடிந்தபோது நிஷாந்தி இல்லை. எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம் என்றது ஆஸ்பத்திரி. இருக்கலாம். ஆனால் அவள் கூப்பிட்டபோது யார் வந்தார்கள் என்று கேட்க ஒரு வழி வேண்டாமா?

வழி இருந்தது. உடலை நுவரெலியாவுக்கு அனுப்பி, சட்ட வைத்தியர் வெட்டிப் பார்த்தால் சாவுக்குக் காரணம் தெரியும். அதற்கு மறுநாள் ஆகிவிடும். ஆனால் நிஷாந்தியின் புருஷன் மதுரன் மத்தியானம் வேறொரு சேதியோடு லயத்துக்கு வந்தான். வீட்டார் விரும்பிக் கேட்டால் வெட்டாமல் இன்றைக்கே கொடுத்துவிடப் பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் தன்மையாகச் சொன்னாராம். உயிரோடு கிடந்தவளுக்குக் கிடைக்காத தன்மை, செத்த பிறகு வலிய வந்தது.

"இன்னைக்கே எடுத்துருவோம்" என்றார் செல்லசாமி. அவர் தோட்டத்துச் சங்கத் தலைவர். கெட்டவர் இல்லை, வம்பு என்றால் மட்டும் ஆகாது. "குழி வெட்டியாச்சு. வெட்டுன குழிய ராத்திரி சும்மா போட்டா அது இன்னொரு உசுர கேட்கும். புள்ளத்தாச்சி இருக்கிற லயம் இது."

எல்லோர் கண்ணும் பக்கத்துக் காம்பராவின் மூடிய கதவுக்குப் போயிற்று. அங்கே இருந்த சுலக்ஷனாவுக்கு எட்டாம் மாதம். சாவு வீட்டுக் காற்றுப் படக்கூடாதென்று காலையிலேயே அவளை உள்ளே வைத்துச் சாத்தியிருந்தார்கள்.

"நீ என்ன சொல்ற தம்பி?" என்று மதுரனைக் கேட்டாள் ஊர்மிளா.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா. அவள கிழிச்சுத் தருவாங்களேன்னு இருக்கு." சொல்லிவிட்டு அழுதான்.

"எனக்கும்தான் வயிறு எரியுது. ஆனா இன்னைக்கு மண்ணப் போட்டுட்டா, நாளைக்கு உம்புள்ள கேட்குமே, எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு. என்னா சொல்லுவ? விதின்னா?"

"விதிதானே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். இந்த மலையில் விதியின் தலையில் ஏற்றாத மூட்டை இல்லை. அதுவும் பாவம், வாய் திறக்காமல் சுமக்கிறது.

"நீ கேட்கிறது நாயந்தான் புள்ள. ஆனா அந்தக் குழிக்கு என்னா பதில்?" என்றார் செல்லசாமி.

ஊர்மிளாவும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள்தான். சுலக்ஷனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியைத் தாங்க அவளால் முடியாது. சரி, எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது பக்கத்துக் காம்பராக் கதவு திறந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சுலக்ஷனா வெளியே வந்தாள். "ஏய், உள்ள போ புள்ள!" என்று பெண்கள் பதறினார்கள். அவள் போகவில்லை.

"குழி என்னைய கேட்கும்னுதானே பயப்படுறீங்க? எனக்கு அந்தப் பயமில்ல தலைவரே. அடுத்த மாசம் நானும் அதே வார்டுலதான் படுக்கணும். நான் கூப்பிட்டா யாரு வருவா? அத கேட்டுட்டு அப்புறமா பொதைங்க."

குழி வெட்டிவிட்டு வந்து, காலில் மண்ணோடு ஓரமாக உட்கார்ந்திருந்த பொன்னையா தொண்டையைச் செருமினார்.

"இதுக்கு வழியில்லாமயா? ஒரு வாழமரத்த வெட்டிப் படுக்க வச்சு நாலு கை மண்ணப் போட்டா குழி வயிறு நெறஞ்சிரும். எங்கப்பா காலத்துல மழையில பொதைக்க முடியாம சாவு நின்னப்போ அப்பிடித்தான் செஞ்சாங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றார் செல்லசாமி.

"யாரு கேட்டீங்க?"

மதுரன் தன் காம்பராவுக்குப் பின்னால் நின்ற வாழையைத் தானே வெட்டிக் கொடுத்துவிட்டு, ஊர்மிளாவோடு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் அந்தத் தன்மையான மனிதர் வெட்டாமல் இன்றைக்கே கொண்டுபோகிறீர்களா என்று மறுபடியும் தன்மையாகக் கேட்டார். "வெட்டிப் பார்க்கணுங்க" என்றாள் ஊர்மிளா. தமிழில்தான் சொன்னாள். அவருக்குப் புரிந்தது.

மறுநாள் வாழைமரத்தை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நிஷாந்தியைக் கிடத்தினார்கள். ரத்தப்போக்கினால் வந்த சாவு என்று சட்ட வைத்தியர் சொன்னார். யார் பிழை என்பதை விசாரிக்கிறார்கள், இன்னமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்றைக்கு வார்டு முழுவதற்கும் தான் ஒருத்திதான் என்று அந்த நர்ஸ் சொன்னாளாம். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

அடுத்த மாதம் சுலக்ஷனாவுக்கு அதே வார்டில் பெண் பிள்ளை பிறந்தது. சாயங்காலம் பார்க்கப் போனவள் ஊர்மிளா. பேசிக்கொண்டிருக்கும்போதே சுலக்ஷனா லேசாக முனகி, "மிஸ்" என்று கூப்பிட்டாள். புதிதாக வந்திருந்த நர்ஸ் எழுந்து வந்தாள். துணியைப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், டொக்டரையும் கூட்டிவந்து காட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பார்த்தீங்களாக்கா, கூப்பிட்ட ஒடனே வந்துட்டாங்க" என்று சிரித்தாள் சுலக்ஷனா.

ஊர்மிளாவும் சிரித்தாள். சிரித்தபடியே வராந்தாவுக்கு வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூப்பிட்டால் வர முடியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.