ஜன்னலில் ஏறிய ஆண்கொடி

போன வருடம் பனி உருகும் முன்பே என் மனைவி மிசாவோ சென்டாய் நகரத்துக்குத் திரும்பிவிட்டாள். "இந்தக் குளிரையும் உங்க ஹாப்ஸையும் நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற பூ அது. இவாத்தே மலையடியில் அதை வளர்த்து, ஊரிலேயே பியர் காய்ச்சும் ஒரிகாசாவுக்குக் கொடுப்பதாகத் திட்டம். வாங்க இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தோட்டத்தில் பெண்கொடிகள் மட்டுமே நிற்கலாம். ஆண்கொடியின் மகரந்தம் பட்டால் பூவுக்குள் விதை பிடித்துவிடும்; விதை பிடித்த பூ நல்ல பியருக்கு ஆகாது. அதனால் ஜூன் மாதம் ஊரே இறங்கி, காட்டு ஆண்கொடிகளை வேரோடு பிடுங்கும். பள்ளத்தாக்கின் கீழே தோட்டம் வைத்திருக்கும் சசமோரி பாதையில் நின்று கத்தினார்.

"யோவ் சென்டாய்க்காரரே, உம்ம வீட்டுப் பக்கம் பிடுங்கியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு!"

பச்சைப் பொய். என் சமையலறை ஜன்னலில் ஒன்று ஏறியிருந்தது. அரிசி கழுவும்போது அதனிடம்தான் பேசுவேன். சூப்பில் உப்பு கூடியதைக்கூடச் சொல்வேன். வேறு யாரிடம் சொல்ல? ஒற்றைக் கொடி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன், புத்தி கெட்டவன்.

ஆகஸ்டில் ஒரிகாசா வந்தாள். ஒரு பூவைக் கசக்கி முகர்ந்து சிரித்தாள். இன்னொன்றை நகத்தால் பிளந்தாள். சிரிப்பு நின்றது. பத்துப் பதினைந்து பூக்களைப் பிளந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் விதை.

"முராகோஷி சான், ஆண்கொடி எங்க நிக்குது?"

ஜன்னலைக் காட்டினேன்.

"தெரிஞ்சேவா விட்டீங்க? உங்களை நம்பி வெளிநாட்டுப் பூவே வேண்டாம்னு சொல்லிட்டேனே! 'நம்ம ஊர்ப் பூ'ன்னு லேபிள்கூட அடிச்சாச்சு."

"பேச்சுத் துணைக்கு இருந்துச்சு" என்றேன். சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் திட்டியிருக்கலாம். கையில் ஒட்டியிருந்த பூந்தூளைத் தட்டிவிட்டாள். "இந்த வருஷம் வாங்க முடியாது. அதைப் பிடுங்கினீங்கன்னா அடுத்த ஆகஸ்ட் வர்றேன்" என்று சொல்லி வண்டியில் ஏறினாள். அடுத்த ஆகஸ்டுக்கு இன்னும் ஒரு முழுக் குளிர்காலம் கிடக்கிறது.

அன்று மாலையே மண்வெட்டியை எடுத்தேன். வேர் வீட்டு அஸ்திவாரம் வரை போயிருந்தது. கடைசி இழை வரை தோண்டி எடுத்தேன்.

மறுநாள் காலை அரிசி கழுவிக்கொண்டே, "இன்னிக்கு நல்ல வெயில் அடிக்கும் போலிருக்கு" என்றேன், ஜன்னலைப் பார்த்து. அடித்தது. மறைக்க இலை எதுவும் இல்லாததால் நேராக என் முகத்தில் அடித்தது.