இரண்டு வரேன்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் மறுபடியும் கையைத் தூக்கினார். இந்தப் பக்கம் கருவியின் முன்னால் இருந்தவள் எந்தப் பொத்தானையும் தொட்டிருக்கவில்லை. காது பரிசோதிக்கும் அறை ஆள் நுழையும் பெட்டி போன்றது. தடித்த கதவை இழுத்துச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்குத் தன் மூச்சும் எச்சில் விழுங்குவதும்தான் கேட்கும். "சத்தம் எவ்வளவு சின்னதா வந்தாலும் கையைத் தூக்குங்க. வரலைன்னா சும்மா இருங்க. இது பரீட்சை இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் உள்ளே அனுப்புவாள். எல்லோரும் அதைப் பரீட்சையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"நல்லாத்தானே கேக்குது இவருக்கு?" என்றாள் பெரியவரின் மருமகள். "வீட்ல நான் கூப்பிட்டா மட்டும்தான் செவிடு."

"நான் இன்னும் சத்தமே குடுக்கலம்மா."

"அப்புறம் எதுக்குக் கையைத் தூக்கறார்?"

"கேக்கணும்னு ஆசைதான். ரொம்ப ஆசை இருக்கறவங்க, சத்தம் வர்றதுக்கு முன்னாடியே தூக்கிடுவாங்க. அந்தக் கையை நாங்க கணக்குல சேர்க்கறதில்ல."

மருமகள் சிரிக்க வாயெடுத்து, கண்ணாடி வழியாக மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். பெரியவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தார்.

பரிசோதனையை முடித்து அவள் வெளியே வந்தபோது, நோயாளிகளுக்கான பெஞ்சில் சினிமாக்காரர் நோண்டி காத்திருந்தார். முன்பின் பார்த்ததில்லை என்றாலும் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது காலில் கறுப்பு ஷூ, வலது காலில் பழுப்பு ஷூ, மடியில் குழந்தையைப் போல ஒரு பை. பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார், அந்த மனிதரும் தன்னை மறந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கணவர் உலகத்தின் அடிமுனையிலிருந்து பேசிய நாட்களில் பாதிப் பேச்சு இவரைப் பற்றித்தான். "இங்க ஒரு சினிமாக்காரர் வந்திருக்கார். பனிக்கட்டியில எங்க வாழ்க்கையும் விஞ்ஞானமும்னு படம் எடுக்கறாராம். நாங்க பனியை நோண்டறோம், அவர் எங்களை நோண்டறார். பேரே நோண்டின்னு வெச்சுட்டோம்." பென்குயின் பக்கம் கேமராவைத் திருப்பவே மாட்டார், கேட்டால் "அதுங்களுக்கு ஏற்கெனவே நிறைய சான்ஸ் கிடைச்சாச்சு" என்பார். தூங்குகிறவர்களின் குறட்டையைப் பதிவு செய்வார். சாப்பாட்டு மேஜையில் எவரையாவது நிறுத்தி, கடைசியாக யாரிடம் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார்.

கணவரின் வேலை, ஆழத்திலிருந்து பனியை உருளை உருளையாகத் துளைத்தெடுத்து, அதற்குள் அடைபட்டிருக்கும் பழங்காலத்துக் காற்றை அளப்பது. அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் காத்து டாக்டர் என்று பெயர். சென்ற குளிர்காலத்துக்கு முன்னால், துளையிடும் கூடாரத்துக்குத் தனியாக வண்டியில் போனவர் திரும்பவில்லை. புயல் அடங்கிய பிறகு பார்த்தபோது கூடாரம் நின்றது, வண்டி இல்லை. தடமெல்லாம் மூடியிருந்தது. கரையோரம் பெரிய பனிப்பாளம் ஒன்று உடைந்து கடலில் மிதந்து போயிருந்தது. காணாமல் போனார் என்று நிறுவனம் எழுதியது. துக்கம் கேட்க வந்தவர்கள், பனியைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, குரலைத் தணித்து, "வீட்ல ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. ஏனென்றால் மனஸ்தாபம் இருந்தது.

மதியத்துக்கு மேல் ஆட்கள் குறைந்ததும் நோண்டி உள்ளே வந்து, கருவிக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தார்.

"படத்தைப் போட்டுக் காட்டறதுக்கு வரலம்மா. ஒண்ணு கேக்கணும். ஆனா அதுக்கு முன்னால கொஞ்சம் பாத்துடுங்க."

திரையில் அவள் கணவர் வந்தார். மீசையில் பனி கட்டியிருந்தது. பனித்துண்டு ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டார். பட், பட்டென்று வெடித்தது. "இது மனுஷன் விவசாயம் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடைபட்ட காத்து" என்று சொல்லிவிட்டு டம்ளரில் காதை வைத்தார். "யாரோ பேச வாயெடுக்கற மாதிரி இல்ல?" இந்தச் சத்தத்தை ஒருமுறை போனை டம்ளருக்குப் பக்கத்தில் பிடித்து அவளுக்குக் கேட்க வைத்திருக்கிறார். சோடா பாட்டில் மாதிரி இருக்கு என்று சொல்லியிருந்தாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு நோண்டியின் குரல் கேட்டது. "கடைசியா யார்கிட்ட பொய் சொன்னீங்க?"

கணவர் சிரித்தார். "வீட்லதான், வேற யார்கிட்ட? குளிர் பழகிடுச்சுன்னு சொன்னேன்."

"பழகலையா?"

அவர் கேமராவைப் பார்க்காமல் கையுறையைப் பார்த்தார். "குளிர் பழகல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எதுவுமே பழகல" என்றார்.

அவள் பக்கத்திலிருந்த பஞ்சுருண்டையை எடுத்து விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வயர்லெஸ்காரர். சின்னப் பையன் முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. "புயல் வருதுண்ணே, எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். ஒரே இரைச்சல். அதுக்கு நடுவுல அண்ணன் 'சரி, வரேன்'னார். அவ்வளவுதான். கிளம்பிட்டார்னு நினைச்சு சூப்பை அடுப்புல வெச்சேன். வாசல் விளக்கைப் போட்டேன். சூப் கொதிச்சு வத்திப்போச்சு. நான் இன்னொரு வார்த்தை கேட்டிருக்கணும். எங்கிருந்துன்னு மறுபடி கேட்டிருக்கணும்." அதற்கு மேல் அந்தப் பையனால் முடியவில்லை. கேமரா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நோண்டி அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார்.

"அந்தப் பதிவு என்கிட்ட இருக்கு. நூறு தடவை கேட்டுட்டேன்" என்றார். "அந்தப் பையனுக்கு அது திரும்பி வர்ற வரேன். எனக்கு அப்படிக் கேக்கல. போயிட்டு வரேன்னு வாசல்ல நின்னு சொல்வோமே, அந்த மாதிரி கேக்குது. விடை வாங்கற வரேன். படத்தை அதுலதான் முடிச்சு வெச்சிருக்கேன். குரல் வருது, அப்புறம் வெறும் வெள்ளை. ஒரு மனுஷன் தானாவே அதுக்குள்ள போயிட்டான்னு பாக்கறவங்களுக்குத் தோணும். ரொம்ப அழகா இருக்கு. அழகா இருக்கறதாலதான் பயமா இருக்கு."

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க சார்?"

"அவர் வரேன்னு சொல்லி அதிகமா கேட்டது நீங்கதான். காதும் உங்க தொழில். எந்த வரேன்னு நீங்க சொல்லுங்க. வீட்டுக்கு வர்றதுதான்னா முடிவை மாத்திடறேன். வேற எவன் சொன்னாலும் மாத்த மாட்டேன், நான் பிடிவாதக்காரன்."

அவளுக்குத் தெரிந்து கணவரிடம் இரண்டு வரேன் இருந்தது. ஒன்று காலையில் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டே சொல்வது. அதில் நடுவெழுத்து நீளும், கடைசி எழுத்து பாதி கதவுக்கு வெளியே போய்விடும். மற்றது சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கிப் போனில் சொல்வது. டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி வெட்டென்று முடியும், ஏனென்றால் அதைச் சொல்லும்போதே நடக்க ஆரம்பித்திருப்பார். "போறதுக்கும் வரேன், வர்றதுக்கும் வரேன். இந்த பாஷையைக் கண்டுபிடிச்சவன் பொண்டாட்டிக்குப் பயந்தவனாத்தான் இருக்கணும்" என்று கல்யாணமான புதிதில் அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

மூன்றாம் முறையாக அவர் பனிக்குக் கிளம்பிய நாளில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இனிமேல் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டார். காத்து டாக்டர்தானே. வாசலில் பெட்டியோடு நின்று "வரேன்" என்றார். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திருகித் தண்ணீரை வேகமாக விட்டாள். அவர் நின்றார். "வரேம்மா" என்றார் மறுபடி. தெளிவாகக் கேட்டது. ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவள், கேட்காத மாதிரி தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போய்ட்டு வாங்க என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்து போயிருக்காது. கதவு சாத்திய சத்தம் கேட்டபிறகுதான் குழாயை மூடினாள்.

"இங்கயே ஸ்பீக்கர்ல போடட்டுமா?" என்றார் நோண்டி.

"வேண்டாம். வெளிய வண்டிச் சத்தம் வரும். நான் உள்ள உட்கார்ந்துக்கறேன். உங்க கம்ப்யூட்டர்ல இருந்து இந்தக் கருவிக்கு ஒரு வயர் குடுத்தா போதும், ஹெட்போன்ல வந்துடும்."

எங்கே செருக வேண்டும் என்று காட்டினாள். "அவர் பேசறதுக்கு முன்னாடி இருக்கற இரைச்சலையும் வெட்டாம போடுங்க. காது பழகணும். வீட்டுக்கு வர்ற வரேன்னா கையைத் தூக்கறேன். இல்லைன்னா சும்மா இருப்பேன்."

"சரிம்மா."

"எடுத்த எடுப்புல பேசிடாதீங்க. கதவைத் திறந்து எதுவும் கேக்காதீங்க."

"நானா? நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் நோண்டி. அன்றைக்கு அவர் கேள்வி கேட்காமல் இருந்தது அப்போதுதான்.

இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. நோயாளிகள் புகார் சொல்வது போலவே முதுகுக்கு ஒத்துவரவில்லை. கைப்பிடியில் இத்தனை பேர் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் பெயின்ட் போயிருந்தது. சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவை உள்பக்கமாக இழுத்தாள். உலகம் சட்டென்று விலகியது. கண்ணை மூடிக்கொண்டாள். தன் மூச்சு பெரிதாகக் கேட்டது. பனிக் கூடாரத்துக்குள்ளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். மூச்சுக்குப் பின்னால் எங்கோ இரைச்சல் மாதிரி ஒன்று தொடங்கியது. காற்றா, ரத்தம் ஓடும் சத்தமா தெரியவில்லை. அதற்குள் காதை நுழைத்துத் தேடினாள். மிகத் தொலைவில், மூடி போட்ட மாதிரி வெட்டென்று, ஏதோ ஒன்று.

கையைத் தூக்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோண்டி கருவியின் பின்புறம் குனிந்து துளையைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தார். இன்னும் செருகாத வயரின் முனை அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார்.

அவள் கையை இறக்கவில்லை.