ஓக் மரம் நின்ற பக்கம்

கடலணை உடைந்து வந்த வெள்ளம் வடிந்தபோது லைஸ்பெத்துக்குப் புருஷனும் இல்லை, பசுக்களும் இல்லை. கரையிலிருந்து பார்த்தால் மாதா கோயில் கோபுரத்துக்கு இடப்புறமிருந்த அவளுடைய புல்வெளி மட்டும் பிழைத்துக் கிடந்தது. வலப்புறம் யோஸ்டின் வெளி முழுக்க ஒரே மணல். அந்த மனுஷன் கூசாமல், "இடப்பக்கம் என்னோடது" என்று கிளம்பிவிட்டான். 'ஓக் மரம் நிற்கும் வெளி லைஸ்பெத் குடும்பத்துடையது' என்றது பத்திரம். மரத்தைத்தான் வெள்ளம் கொண்டுபோய்விட்டதே! ஊரார் சாட்சி சொல்ல வரவில்லை. நில வழக்கைத் தீர்க்கும் அணைக்கரைச் சபையில் இருந்தது யோஸ்டின் மச்சான் அல்லவா?

லைஸ்பெத் அசரவில்லை. முந்தின கோடையில் ஹார்லெம் நகரத்து ஓவியன் கோவெர்ட் கரையில் உட்கார்ந்து, மரத்தையும் கோபுரத்தையும் செப்புத் தகட்டிலேயே ஊசியால் கீறிக்கொண்டு போனான். அதை அச்சடித்துச் சந்தையில் விற்றான். அந்தப் படத்தை வரவழைத்துப் பார்க்கும்படி சபையில் மன்றாடியவளே அவள்தான்.

தலைவர் படத்தை விரித்தார். கறுத்த மேகம், முறியும் கிளைகள், அடியில் குனிந்து பால் கறக்கும் அவள் புருஷன் யாக்கப். மரம் கோபுரத்துக்கு வலப்பக்கம் நின்றது. கீழே 'நேரில் கண்டபடி' என்று எழுத்து வேறு.

"நீ கேட்ட சாட்சிதானேம்மா?" என்றார் தலைவர். யோஸ்ட் வாய்விட்டுச் சிரித்தான். இடப்பக்க நிலம் அவனுக்குப் போயிற்று.

அவள் ஹார்லெமுக்கு ஓடினாள். "அடப்பாவி, மரத்தை ஏன்யா பக்கம் மாத்தின?"

"நான் எங்க மாத்தினேன்?" என்றான் கோவெர்ட். "தகட்டுல இடப்பக்கம் கீறினா தாள்ல வலப்பக்கம் விழும். அச்சுன்னா அப்படித்தாம்மா. மாத்திக் கீற எவனுக்குப் பொறுமை இருக்கு? வாங்குறவன் புயலைப் பாக்குறான், பக்கத்தையா பாக்குறான்?"

"இதையே சபையில வந்து சொல்லுய்யா. உன் கால்ல விழுறேன்."

"நேர்ல கண்டபடின்னு வித்துட்டு, இடவலம் மாறிப்போச்சுன்னு நானே சொன்னா என் பொழப்பு என்னாகும்? அன்னிக்குப் புயலே கிடையாது, நல்ல வெயில். அதையும் சொல்லச் சொல்லுவியா? போம்மா. வேணும்னா ஒரு படம் சும்மா எடுத்துக்க."

அதைச் சுக்குநூறாகக் கிழித்து அவன் மூஞ்சியில் எறியத்தான் அவள் கை பரபரத்தது. ஆனால் யாக்கப்புக்கு உலகத்தில் வேறு படம் ஏது? சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கரையேறியபோது இடப்பக்கம் யோஸ்டின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் படத்தை விரித்து, வலப்பக்க மரத்தடியில் குனிந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"பாவி மனுஷா, நீ கூடவா அவன் பக்கம் உக்காந்து கறக்குற?"