சின்ன டாக்டரின் கைராசி

"சின்ன டாக்டர்தானே பண்றாங்க?" என்று தையல்காரர் கேட்டார். நாய் அவர் மடியில் கிடந்தது. அதன் வலது கண் பார்வை போய், வீங்கி, வெளுத்திருந்தது. கண்ணையே எடுத்துவிட வேண்டும்.

"அவதான்."

"அப்பச் சரி. அவங்களுக்குக் கைராசின்னு ஊரே சொல்லுது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்று பெரியவள் நாயை வாங்கிக்கொண்டாள்.

இருவரும் கால்நடை மருத்துவர்கள். ஒரே வீட்டில் அண்ணனைக் கட்டியவள் பெரிய டாக்டர், தம்பியைக் கட்டியவள் சின்ன டாக்டர். சின்னவள் வந்த பிறகு கத்தி அவள் கைக்குப் போயிற்று. மயக்கம் கொடுப்பது மட்டும் பெரியவளிடம் தங்கியது. மாமியார் தன் முதுகுவலிக்கும் சின்னவளைத்தான் கேட்பார். "அத்தை, நாங்க மாட்டு டாக்டருங்க" என்று சொன்னால், "அவ தொட்டாலே பாதி போயிடுது" என்பார்.

பெரியவளுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. கண்ணைப் பிடித்து இழுத்தால் சில விலங்குகளுக்கு இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும். நின்றும் போகலாம். அதனால் கண் அறுவைக்கு முன்பே அவள் அட்ரோபின் ஊசி போட்டுவிடுவாள். போட்டால் துடிப்பு இறங்குவது அரிது. சின்னவள் கண் எடுத்த விலங்குகளில் ஒன்றுக்குக்கூடத் துடிப்பு நின்றதில்லை. கைராசியில் பாதி தன் ஊசி என்று பெரியவள் கணக்கு வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மருந்தை சிரிஞ்சில் ஏற்றினாள். போடவில்லை. தட்டில் வைத்தாள்.

நாயின் துடிப்பு ஏற்கெனவே வேகமாக இருந்தது. எல்லா நாய்க்கும் முன்கூட்டியே போட வேண்டியதில்லை என்றும் இப்போது சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. அவள் போடாமல் விட்டது அவற்றுக்காக அல்ல.

சின்னவள் கண்ணைச் சுற்றி அறுத்தாள். வேகமான, அழகான கை. இடுக்கியால் பிடித்து முன்னால் இழுத்தாள்.

மானிட்டரின் ஒலி தளர்ந்தது.

பெரியவள் பார்த்தாள். எண் பாதியானது. அதற்கும் கீழே போனது. சின்னவள் குனிந்தே இருந்தாள். ஒரு துடிப்பு. அடுத்தது வரவில்லை. பெரியவள் எச்சரிக்கவில்லை.

"விடு!"

சின்னவளின் கை அந்தக் கணமே விலகியது. ஏன் என்று கேட்கவில்லை. பெரியவள் அட்ரோபினை நரம்பில் செலுத்தினாள். இருவரும் திரையைப் பார்த்து நின்றார்கள். ஒரு துடிப்பு வந்தது. பின் இன்னொன்று. பிறகு மளமளவென்று ஏறியது.

"முன்னாடி போடலையாக்கா?"

"இல்ல. துடிப்பு ஏற்கெனவே வேகமா ஓடிக்கிட்டிருந்துச்சு."

"ஆமால்ல," என்றாள் சின்னவள். நம்பினாள்.

தையல்காரரிடம் அவளே போய்ச் சொன்னாள். "இன்னிக்கு உங்க நாயைக் காப்பாத்தினது நான் இல்ல, அக்காதான். நான் இழுத்த இழுப்புக்குப் போயிருக்கும்."

அவர் பெரியவளைக் கும்பிட்டார். பிறகு தாழ்ந்த குரலில் அவளிடமே சொன்னார்: "பாருங்க, வேற யாராவது இப்படி ஒத்துக்குவாங்களா? என்ன மனசு அந்தம்மாவுக்கு!"

கை கழுவும்போது சின்னவள் சிரித்தாள். "இத்தனை வருஷம் மாடு இழுக்கற மாதிரி இழுத்திருக்கேன், எனக்கே தெரியல. ஊசி காப்பாத்திக்கிட்டே வந்திருக்கு. நாளைக்குக் கண்ணெடுக்கற பூனைக்கும் முன்னாடி போடாதீங்கக்கா. நான் மெதுவா எடுத்துப் பழகறேன்."

"போடுவேன்."

"எதுக்கு? நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே."

"மயக்கம் என் வேலை. அதுல தலையிடாத."

சின்னவளின் முகம் மாறியது. "சரிக்கா" என்று குழாயை மூடினாள்.

மறுநாள் பூனைக்கு ஊசி போட்டுத்தான் மேசைக்குக் கொண்டுவந்தாள் பெரியவள்.

சின்னவள் அறுத்தாள். இடுக்கி கண்ணைப் பிடித்தது. ஆனால் இழுக்கவில்லை. தசையை ஒவ்வொன்றாக விடுவித்தாள், நிறுத்தினாள், மானிட்டர் ஒலிக்குக் காது கொடுத்தாள், மறுபடி விடுவித்தாள். கண் தானாக வெளியே வந்ததுபோல் வந்தது. எண் அசையவில்லை.

துடிப்பைக் காத்தது மருந்தா கையா என்று பெரியவள் திரையில் தேடினாள். நேற்றுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"துடிப்பு எவ்வளவுக்கா?" என்று குனிந்தபடியே கேட்டாள் சின்னவள்.

"வேலையைப் பாரு," என்றாள் பெரியவள்.