பசிப்பூதம் தின்ற மாடு

என் மாட்டை என் வீட்டுக்காரர் பூதத்துக்குத் தின்னக் கொடுத்தது ஒரு புதன்கிழமை காலை. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

மாடு என்றால் கட்டிப் பால் கறக்கிற மாடு இல்லை. போனுக்குள் இருக்கிற மாடு. மராத்தி ஊரான வாகட்டில் எங்கள் தகரக் கொட்டகையில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுத்தால் மிச்ச இடம் ஒரு குடத்துக்குத்தான் காணும். நிஜ மாட்டை எங்கே கட்டுவது?

விளையாட்டின் பெயர் 'சொல்லப்பன்'. சொல்லப்பன் ஒரு சூப்பர் ஹீரோ. முதுகில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நிற்பான். அவனுக்குப் பறக்கவும் தெரியாது, அடிக்கவும் தெரியாது. நாம் எதை எழுதினாலும் அது அவன் முன்னால் உயிரோடு வந்து நிற்கும், அது ஒன்றுதான் அவன் சக்தி. ஏணி என்று எழுதினால் ஏணி வரும். நீளமான ஏணி என்று எழுதினால் மேகத்தைத் தொடுகிற ஏணி வரும். ஒருநாள் சும்மா 'கோபமான தலையணை' என்று எழுதிப் பார்த்தேன். தலையணை எழுந்து திருடனைத் தெருத்தெருவாகத் துரத்தி அடித்தது. நான் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி என்னவோ ஏதோ என்று மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நான் கட்டிட வேலையில் சித்தாள். நிக்டியில் தமிழ்க்காரர்கள் நடத்துகிற சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் வீட்டுக்காரரும் அங்கே போய்த்தான் இந்த வயதில் படிக்கக் கற்றோம். அங்கே வருகிற ஸ்ரீவத்சன் சாரும் அவர் கூட்டாளிகளும் செய்த விளையாட்டு இது. "நீங்க ஆடி சொல்லுங்க, எங்கே பிராப்ளம் இருக்குன்னு" என்று எங்கள் போனில் ஏற்றிக் கொடுத்தார். பிராப்ளம் இப்படி வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெரிய போன் வீட்டுக்கு ஒன்றுதான். வீட்டுக்காரர் ஒரு அப்பார்ட்மெண்டில் ராத்திரி வாட்ச்மேன். பகலில் போன் என்னிடம், ராத்திரி அவரிடம். சொல்லப்பனும் அப்படியே இரண்டு ஷிப்ட் பார்த்தான்.

சொல்லப்பனுக்கு ஒரு வீடு உண்டு. வீட்டுக்கு முன்னால் காலி இடம். வில்லன்களை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கிணறு எழுதினேன். முருங்கை மரம் எழுதினேன். மாடு என்று எழுதியதும் ஒரு மாடு வந்தது. வந்த வேகத்தில் சொல்லப்பனை முட்டிக் கிணற்றில் தள்ளியது. இது ஆகாது என்று அதை அழித்தேன். வேண்டியது சாந்தமான மாடு.

சிமெண்டில் ஊறிக் காய்த்த என் விரல்களை போன் கண்டுகொள்ளாது. சுண்டுவிரல் ஒன்றுதான் அதற்குப் பிடிக்கும். அந்தச் சுண்டுவிரலால் 'சாந்தமான' என்று எழுத ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விட்டது. டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. மாடு வந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. சொல்லப்பன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு அசை போட்டது. யாரும் சொல்லித்தராமல், எதையும் பார்த்து எழுதாமல், நானாக எழுதிய முதல் பெரிய வார்த்தை அது. 'கோபமான' எல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான். தினமும் வேலைக்கு நடுவில் போனைத் திறந்து மாடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

புதன்கிழமை காலை போனை வாங்கிப் பார்த்தால் கிணறு இருக்கிறது, முருங்கை இருக்கிறது, மாட்டைக் காணோம்.

"அதுவா?" என்றார் வீட்டுக்காரர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "பசிப்பூதம் வந்துச்சு மேரி. பெருசா எதாச்சும் போடலன்னா சொல்லப்பனையே முழுங்கிடும். எழுதறதுக்கு நேரமில்ல. மாடு சும்மாதான் படுத்திருந்துச்சு, இழுத்து விட்டுட்டேன்."

"இழுத்து விட்டுட்டீங்களா?"

"ஜெயிச்சாச்சு தெரியுமா! மூணு நட்சத்திரம்!"

"என் மாட்ட குடுத்து ஜெயிச்சிருக்கீங்க."

"இன்னொண்ணு எழுதிக்க. மாடுன்னு எழுத எவ்ளோ நேரம் ஆவும்?"

"அது மாடு இல்ல. சாந்தமான மாடு."

"பூதத்துக்கு எல்லாம் ஒரே ருசிதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த மாடு திரும்பி வருகிறவரை இந்த ஆளோடு ஒரு வார்த்தை கிடையாது என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

கோபத்தில் இருக்கிற புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் பேச ஒரு ஆள் வேண்டும். எங்கள் மகள் கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். அதனால் பாத்திரங்கள் அந்த வேலையைப் பார்த்தன. "சோறு வெந்துடுச்சுன்னு சொல்லு" என்று நான் கரண்டியிடம் சொல்வேன். "உப்பு கம்மின்னு சொல்லு" என்று அவர் தட்டிடம் சொல்வார். வியாழனும் வெள்ளியும் இப்படி ஓடின.

சனிக்கிழமை அவர் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக் கேட்டார். "நாளைக்கு நிக்டியில போட்டி இருக்கு. போறமா இல்லையான்னு யாராச்சும் சொன்னா தேவல."

சங்கத்தில் சொல்லப்பன் போட்டி வைத்திருந்தார்கள். ஜோடிப் போட்டி. சண்டைக்கு முன்னாலேயே இரண்டு பேர் பெயரையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். சொல்லப்பனைச் சுவரளவு பெரிதாகப் பார்க்கலாம். என் சுண்டுவிரல் எழுதுவதை ஒரு கூட்டமே பார்க்கும். போட்டியின் விதியும் எனக்குச் சாதகம். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். எழுதுவது நான். எழுத வாயைத் திறக்க வேண்டியதில்லையே.

"குடுத்த பேரு குடுத்ததுதான்" என்று குடத்திடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பின்னால் நின்றார். கண்டக்டர் எத்தனை என்று மராத்தியில் கேட்டார். நான் ஒன்று என்றேன். பின்னாலிருந்து அவரும் ஒன்று என்றார். ஒரே ஸ்டாப்பில் ஏறி, ஒரே ஸ்டாப்புக்குக் கேட்டு, ஒரே கலரில் பை வைத்திருக்கிற இரண்டு பேரையும் கண்டக்டர் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாகக் கிழித்தார்.

ஹாலில் நல்ல கூட்டம். பேங்கில் வேலை பார்க்கும் பாலச்சந்திரன் சாரும் அவர் மனைவி கனகவல்லி அம்மாவும் எங்களுக்கு முன்னால் ஆடினார்கள். அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா பட்டுப்பட்டென்று தட்டினார்கள். யானைகள் வந்தன, ஹெலிகாப்டர் வந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் மேசையில் உட்கார்ந்தேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சுவரில் சொல்லப்பன் வந்தான், துண்டு காற்றில் பறந்தது. ஊர் நெருப்பில் மாட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி" என்றார் அவர்.

நான் 'குளிர்ந்த தண்ணீர்' என்று எழுதினேன். நெருப்பு அணைந்தது.

"சுவரு குறுக்க இருக்கு. ஏணி."

'நீளமான ஏணி' என்று எழுதினேன். சொல்லப்பன் ஏறித் தாண்டினான். அவர் ஒன்று சொல்வார், நான் அதற்கு முன்னால் இன்னொன்று சேர்ப்பேன். நாலு நாளாகப் பேசாதவர்கள் என்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

அப்போது ஸ்ரீவத்சன் சார் மணி அடித்தார். "ஓகே, இப்போ ஸ்வாப்! சொன்னவங்க எழுதணும், எழுதினவங்க சொல்லணும். இது சர்ப்ரைஸ் ரூல். எல்லாருக்கும் உண்டு."

பேங்க் ஜோடி பாதியில் இடம் மாறி உட்கார்ந்ததைப் பார்த்தேன்தான். கூட்டத்துச் சத்தத்தில் மணி காதில் விழவில்லை, வசதிக்காக மாறுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக் என் கைக்கு வந்தது. சுவரில் பாலம் வந்தது, நான் எழுதிய ஏணி அதன் ஓரமாக நின்றது. பாலத்தின் நடுவில் பசிப்பூதம், வயிற்றைத் தடவிக்கொண்டு. அந்தப் பக்கம் ஊர் சனம். பூதத்தை நகர்த்தினால்தான் அவர்கள் வர முடியும்.

என்ன எழுத வேண்டும் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. தீனி போட்டு அதை அடக்க வேண்டியதில்லை. வில்லன் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்த்தால் அவனே அப்படி மாறிவிடுவான். 'தூக்கம் வருகிற பூதம்' என்று எழுதினால் போதும், அதுவே ஓரமாகப் போய்ப் படுத்துவிடும். ஆனால் சொன்னால் பேசியதாகிவிடும். என் மாடு இன்னும் வரவில்லை.

மைக்கைச் சுவர் பக்கம் திருப்பினேன்.

"ஏம்பா சொல்லப்பா, அந்த ஆளுகிட்ட சொல்லு. தூக்கம் வருகிற பூதம்னு எழுதணுமாம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. "அண்ணே, வூட்டுல சண்டையா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"சொல்லப்பா, அந்த அம்மாகிட்ட சொல்லு" என்றார் இவரும் சுவரைப் பார்த்து. "எழுதறவனுக்குத் தெரியும் எதை எழுதணும்னு."

"மேடம், சார், டைம் போகுது" என்றார் ஸ்ரீவத்சன் சார்.

வீட்டுக்காரர் குனிந்து தட்ட ஆரம்பித்தார். அவர் எழுதுவதைப் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, அது ஓடிவிடும் என்கிற மாதிரி அமுக்குவார். நான் சுவரைப் பார்த்தேன். 'தூ' வரவில்லை. 'சா' வந்தது.

சாவி எழுதுகிறாரா, சாப்பாடு எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். 'சாந்' என்று வந்தது. அழித்தார். மறுபடி எழுதினார். 'சாந்த' வந்தது. வாட்ச்மேன் கூண்டில் உட்கார்ந்து இதை எழுதிப் பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கு அது வராது. நெற்றியில் வியர்வை வழிய, ஒரு முறைகூட என்னைத் திரும்பிப் பார்க்காமல் முடித்தார்.

சாந்தமான மாடு.

பழுப்பு நிறம். நெற்றியில் வெள்ளை. சுவரளவு பெரிதாக, என் மாடு.

அப்புறம்தான் மாடு எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தேன். பாலத்தின் மேல், பூதத்தின் மூக்குக்குக் கீழே. பூதம் வாயைத் திறந்தது.

"யோவ் ஆண்டனி!" என்று கத்திவிட்டேன். "மாட்ட இழுய்யா! இந்தப் பக்கம் இழு! பார்த்துக்கிட்டு குந்தியிருக்கியே, முழுங்கப்போவுதுய்யா!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகள்தான் சொல்வாள். இப்போது மைக்கில், ஒரு ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. கனகவல்லி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் மாட்டைப் பிடித்து இழுத்தார். பூதம் அதன் பின்னாலேயே வந்தது.

"ஏணிக்கு மேல, ஏணிக்கு மேல!"

"மாடு ஏணி ஏறுமா மேரி?"

"சாந்தமான மாடுதானே, ஏத்துங்க!"

ஏற்றினார். மாடு நீளமான ஏணியின் உச்சியில் போய் நின்று அசை போட்டது. பூதம் அண்ணாந்து பார்த்தது.

"இப்ப எழுதுங்க, தூக்கம் வருகிற..."

அவர் 'தூக்' வரை போனார். மணி அடித்துவிட்டது.

பேங்க் ஜோடிக்கு மிக்ஸி கிடைத்தது. எங்களுக்குக் கைதட்டலும் ஆளுக்கு ஒரு டம்ளர் காபியும். "மாட்டை ஏணியில ஏத்த முடியும்னு எங்களுக்கே தெரியாது, சூப்பர்!" என்றார் ஸ்ரீவத்சன் சார்.

திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். காலையில் பார்த்த அதே கண்டக்டர். எத்தனை என்று கேட்காமலே இரண்டு டிக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்தார்.

"முதல்ல பேசினது நீதான்" என்றார் வீட்டுக்காரர்.

"மாடு வந்துதான் பேசினேன். மாடு வர்ற வரைக்கும்தான் பேச மாட்டேன்னு சொன்னேன்."

"அப்ப நான்தான் ஜெயிச்சேன். நான்தானே வரவெச்சேன்?"

"கொண்டுபோய் பூதத்து வாயிலதானே வரவெச்சீங்க?"

"எழுதுற அவசரத்துல எடத்தப் பாக்கல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது. "இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"அதான். யோவ்னு ஆரம்பிச்சியே."

"பஸ்ல பத்து பேரு இருக்காங்க. மூடிக்கிட்டு வாங்க."

போனை எடுத்து அவரிடம் நீட்டினேன். போட்டியில் வந்த மாடு சங்கத்துக் கம்ப்யூட்டரோடு போய்விட்டது. எங்கள் போனில் மாடு படுத்த இடம் இன்னும் காலிதான். அவர் மறுபடி ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். நான் எழுத்து எடுத்துக் கொடுக்கவில்லை. மாடு வந்து முருங்கை நிழலில் படுத்தது.

"தண்ணித் தொட்டி எழுதுங்க. பாவம், ஏணியெல்லாம் ஏறியிருக்கு."

"விரல் வலிக்குது. நீயே எழுது."

"பெரிய தொட்டின்னு எழுதட்டா?"

"நிறைஞ்ச தொட்டின்னு எழுது. இல்லன்னா யாரு தண்ணி எடுத்து ஊத்தறது?"

அதுவும் சரிதான் என்று 'நிறைந்த' எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் ஸ்டாப் பின்னால் போய் நேரமாகிவிட்டிருந்தது.