எட்னாவின் முப்பத்தோராம் நாள்

குலசிங்கம் இதுவரை இருநூற்றுக்கும் மேற்பட்ட இறந்தவர்களுக்கு நினைவு மலர் எழுதியிருந்தார்; ஆனால் அவர் எழுதியது ஒரேயொரு வாழ்க்கையைத்தான். அந்த வாழ்க்கை வளம் கொழிக்கும் ஓர் ஊரில் பிறக்கும். கணவனின் குறிப்பறிந்து நடக்கும். வந்தாரை வரவேற்று விருந்தளிக்கும். ஈற்றில் இறைபதமோ சிவபதமோ எய்தும். இறந்தவர் கத்தோலிக்கரா சைவரா என்பதைக் கேட்டறிந்து அந்தக் கடைசிச் சொல்லை மாற்றுவதே அவருடைய ஆராய்ச்சி. இறப்பின் முப்பத்தோராம் நாள் நினைவு விருந்துக்கு வருகின்ற எவரும் மலரை வாசிப்பதில்லை என்பதால் இது எவருடைய கண்ணிலும் பட்டதில்லை.

எட்னாவின் வாழ்க்கையும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. எட்னா அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளமும் பன்றியும் வளர்க்கும் பண்ணையொன்றில் பிறந்து, அதைப் போன்ற இன்னொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு, எழுபத்தெட்டு வயதுவரை அங்கேயே உழைத்தவர். முழங்கால்கள் மறுத்த பின்னர் கனடாவில் மல்வேர்னிலுள்ள மகள் ஜூலியின் வீட்டுக்கு வந்து, ஆறு ஆண்டுகள் இருந்து, சென்ற மாதம் இறந்துபோனார். ஜூலி மணந்திருந்தது மன்னார்க்காரரான றொனால்டை. றொனால்டின் சுற்றத்தில் மலர் இல்லாமல் எவரும் செத்ததில்லை. ஆகவே, தமிழில் ஒரு சொல்லும் அறியாத எட்னாவுக்கும் தமிழில் ஒரு மலர் கட்டாயமாயிற்று.

ஜூலிக்குத் தமிழ் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளின் பயனாக மகள் பேர்ணடெற் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். எனவே கைப்பிரதி அவளிடம் வந்தது. குலசிங்கம் எதிரே அமர்ந்து தேநீர் அருந்தினார்.

“பனையும் நெல்லும் கொழிக்கும் அயோவா திருநாட்டிலே” என்று தொடங்கியது முதற்பக்கம்.

“அங்கிள், அயோவாவில பனை இல்லை.”

“அதை வெட்டிவிடலாம் பிள்ளை,” என்றார் குலசிங்கம் பெருந்தன்மையுடன்.

“நெல்லும் இல்லை. சோளம்தான்.”

“சோளம் எண்டா கொஞ்சம் ஏழைப்பட்ட மாதிரித் தெரியும். நெல் கிடக்கட்டும்.”

இரண்டாம் பக்கத்தில் அவளுடைய விரல் நின்றது.

“காலஞ்சென்ற ஹரோல்டின் அன்பு மனைவி எண்டு போட்டிருக்கிறியள். ஹரோல்ட் சாகேல்லை, அங்கிள். மிசூரியில இருக்கிறார். கிராண்ட்மாதான் அவரை வீட்டைவிட்டுக் கலைச்சவ. நைன்ரீன் செவன்ரி நைன்ல.”

குலசிங்கம் றொனால்டைப் பார்த்தார். றொனால்ட் மேசை விரிப்பைப் பார்த்தார். ஹரோல்ட் தவறுதலாகச் சாகவில்லை, இருவரும் கூடிப் பேசியே அவரைச் சாகடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“மாமி பிரிஞ்சு இருந்தவ எண்டு எங்கட சனத்துக்கு ஏன் தெரியவேணும்?” என்றார் றொனால்ட். “ஒரு சொல்தானே மகள். மிசூரியில இருந்து அந்தாள் இதை வாசிக்கப்போறாரோ?”

உயிரோடிருக்கும் மாமனாரைவிட இறந்துபோன மாமனார் கௌரவமானவர் என்று அவர் மனதார நம்பினார். ஊரார் வாசிக்காத புத்தகத்தில், ஊரார் அறியாத ஒரு மனிதனைக் கொன்று, ஊராரிடம் மானத்தைக் காப்பாற்றுவது அவருக்கு முற்றிலும் நியாயமான ஏற்பாடாகத் தோன்றியது.

பேர்ணடெற் அதை ஏற்க முடியாதவளாக இருந்தாள். ஆறு ஆண்டுகளாக எட்னா றொனால்டின் உறவினர் ஒவ்வொருவரின் முப்பத்தோராம் நாளுக்கும் அழைத்துச் செல்லப்பட்டவர். மேடையில் மலரிலிருந்து வாசிக்கப்படுவதைப் பேர்ணடெற்தான் அவருடைய காதருகே மொழிபெயர்ப்பாள். மூன்றாவது தடவை எட்னா சிரித்துக்கொண்டே கேட்டார்: “இந்த மனுசி போன வருசமும் செத்ததெல்லே?” உயிரோடிருந்த கடைசி வாரத்தில் அவர் சிரிக்கவில்லை. தன்னை அந்த மனுசியாக்க விடக்கூடாது என்று பேத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவள் மாடிக்குப் போய், சிவப்பு அட்டையிட்ட நாட்குறிப்பொன்றை எடுத்து வந்தாள். நாளொன்றுக்கு நான்கு வரிகளே கொள்ளும் நாட்குறிப்பு. எட்னா நாற்பது ஆண்டுகள் அப்படி எழுதியிருந்தார். ஒரு பக்கத்தையாவது மலரில் சேர்க்கும்படி கேட்டாள்.

குலசிங்கம் ஆங்கிலத்திலிருந்த இரண்டு நாள் குறிப்புகளை வாசித்துவிட்டு மூடினார். “பன்றி குட்டி போட்டதெல்லாம் செத்தவீட்டுப் புத்தகத்தில போடேலாது பிள்ளை. ஆக்கள் சாப்பிட வாற இடம்.”

மலர் முந்நூறு பிரதிகள் அச்சாகியது. ஹரோல்ட் காலஞ்சென்றவராகவே இருந்தார். அயோவாவில் நெல் விளைந்தபடியே இருந்தது.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து, மோர்னிங்சைட் வீதியிலிருந்த தேவாலய மண்டபத்தில் சனம் கூடியது. வாழ்க்கை வரலாற்றைப் பேரப்பிள்ளை வாசிப்பது வழமை. பேர்ணடெற் ஒலிவாங்கியின் முன் மலரை விரித்தாள். அதனுள் நாட்குறிப்பு இருந்தது. தன்னுடைய அரைகுறைத் தமிழில் அதை மொழிபெயர்த்து வாசிக்கத் தொடங்கினாள்.

“மார்ச் மூண்டு. சரியான குளிர். பம்ப் உறைஞ்சு போச்சு. ஹரோல்ட் குடிச்சிட்டு மாட்டுக்கு அடிச்சவர். மார்ச் நாலு. அவரின்ர பெட்டியைக் கொண்டுபோய் வாசல்ல வைச்சன். பால் கறந்தன். மார்ச் ஐஞ்சு. அவர் போயிட்டார். பன்றி ஒன்பது குட்டி போட்டுது. ஜூலிக்குக் காய்ச்சல். மாப் பிசைஞ்சு பாண் சுட்டன்.”

மண்டபத்தில் கரண்டிகளின் ஓசை நின்றது. குலசிங்கம் மலரைப் புரட்டி இந்த வரிகளைத் தேடினார். பல ஆண்டுகளில் அவருடைய நூலொன்றை ஒருவர் அத்தனை கவனமாக வாசித்தது அதுவே முதல் தடவை. றொனால்ட் சுவரிலிருந்த வெளியேறும் வழிப் பலகையைப் பார்த்தபடி நின்றார். ஜூலிக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் விளங்கவில்லை. ஆனால் மலருக்கு வெளியே தெரிந்த சிவப்பு அட்டையை அடையாளம் கண்டு நிமிர்ந்து அமர்ந்தார்.

முன்வரிசையில் றொனால்டின் அக்கா றோசலின் கையில் தட்டுடன் இருந்தார். கனடாவுக்கு வருமுன் மன்னாரில் முப்பது ஆண்டுகள் மாடும் பன்றியும் வளர்த்தவர். இங்கு வந்தபின் அதைப்பற்றி எவரும் அவரிடம் கேட்டதில்லை.

“ஒன்பதும் தப்பினதோ, பிள்ளை?”

பேர்ணடெற் அடுத்த நாளைப் பார்த்தாள். “எட்டு, மாமி. ஒண்டுக்கு மேல தாய் படுத்திட்டுது.”

“அது படுக்கும். முதல் நாள் பக்கத்தில நிக்கவேணும்,” என்றார் றோசலின். “பிள்ளைக்கும் காய்ச்சல் எண்டா, தனிய ஒருத்தி எத்தினையைப் பாக்கிறது?”

“ஓம்,” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. “அவர் திரும்பி வந்தவரோ?”

“வரேல்லை. இப்ப மிசூரியில இருக்கிறார்.”

“இருக்கட்டும். அங்கயே இருக்கட்டும்.”

குலசிங்கம் றொனால்டின் பக்கம் சாய்ந்தார். “உதுகளை முன்னமே தந்திருந்தா நானே வடிவாச் சேர்த்திருப்பன், தம்பி.”

றோசலின் சூடான தேநீர்க் கோப்பையை வைக்க இடம் தேடி, மடியிலிருந்த மலரைப் பக்கத்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் கோப்பையை வைத்தார்.

“மிச்சத்தையும் வாசி, பிள்ளை,” என்றார்.