நிற்க வைத்த கல்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய இரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் வாசல் தூணிலிருந்து உள்ளங்கை அகல மணற்கல் சில்லு ஒன்று கழன்று படியில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

உஷாராணிக்கு அது படமாக வந்தது. அவள் அப்போது சுங்கை பூலோவில் வேறொரு வேலையிடத்தில் நின்றிருந்தாள். படத்தில் தூணின் முகம் வெங்காயச் சருகுபோலப் பிரிந்திருந்தது. மேலே ஒரு தோல், அடியில் இன்னொன்று. பார்த்ததுமே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

உடனே லோகன் போனில் வந்தார். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனம் அவருடையது. பதினாறு வருடமாக அவள் அவரிடம் மேற்பார்வையாளர்.

"என்ன உஷா இது? வச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலையே லா."

"மழை, பாஸ்."

"மழைக்கு என் வீட்டுப் பெயின்ட் உரியும். கல்லுமா உரியும்?"

"நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன் பாஸ்," என்று போனை வைத்தாள்.

கோலாலம்பூரின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை செங்கல். பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. அந்த ஊரில் மணற்கல் தூண் வைத்த கட்டடம் என்பதால்தான் உரிமையாளர்கள் அதை இடிக்காமல் பழுதுபார்க்கச் சொன்னார்கள். கல் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, பழைய கோப்பில் 'பக்கத்துக் குன்றிலிருந்து வெட்டியது' என்று ஒரே ஒரு வரி கிடைத்தது. எந்தக் குன்று என்று இல்லை. சுற்றிலுமிருந்த குன்றுகளில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதனால் சிதைந்த கற்களுக்கு மாற்றாக ராஜஸ்தானிலிருந்து நாற்பத்தாறு கற்களை வெட்டி வரவழைத்தார்கள்.

2022 ஜூன் மாதம் கற்கள் கிள்ளானில் உள்ள நிறுவனத்தின் கிடங்குக்கு வந்து இறங்கின. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் காவியில் ஒரு கோடும் அம்பும் போட்டிருந்தது. கப்பலில் ஏற்றும்போது எண்ணிப் போட்ட அடையாளம் என்று உஷாராணி நினைத்தாள். மறுநாள் காலை பூசை. உரிமையாளர்கள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அழுக்குக் கல்லுக்கு எப்படிப் பூசை போடுவது? ஆட்களை விட்டுக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவச் சொன்னாள். மஞ்சள் நீர் தெளித்து, நாற்பத்தாறு கல்லுக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். படங்கள் நன்றாக வந்தன. லோகன் அவற்றை அலுவலகத்தில் மாட்டினார்.

கொத்தனார் கன்னையா அன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். அங்கே மணற்கல் கோயில்களில் பழுதுவேலை பார்த்தவர் என்பதற்காகவே நிறுவனம் அவரை வரவழைத்திருந்தது. கற்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேடம், பொட்டு வச்சிருக்கீங்க, நல்லாயிருக்கு. கோடு எங்க?"

"எந்தக் கோடு அண்ணே?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி குளிப்பாட்டிட்டீங்க. மணல் அடுக்கடுக்காப் படிஞ்சதுதான் மேடம் இந்தக் கல்லு. பூமியில எப்படிப் படுத்துக் கிடந்துச்சோ, அப்படியே கட்டடத்துலயும் படுக்கணும். நிக்க வச்சா அடுக்குக்குள்ள தண்ணி எறங்கி, தோல் தோலா உரிஞ்சிடும். எது மேல் பக்கம்னு சொல்லத்தான் அந்தக் கோடு."

"பாத்தா தெரியாதா?"

"சிலது தெரியும். சிலது நனைச்சு, காயக் காயப் பக்கத்துல உக்காந்து ரேகை பாக்கணும். ஒரு வாரம் குடுங்க."

ஒரு வாரம் இல்லை. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. லோகன் தினமும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். கோடு அழிந்த கதையை அவரிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அன்றிரவு கன்னையா குரல்செய்தி ஒன்றும் அனுப்பினார். அவள் கேட்டாள். காலையில் அவரிடம் போய், "தெரிஞ்சதைப் பாத்து வைங்க. தெரியாததை அளவு பாத்து வைங்க. நான் பாத்துக்கறேன் அண்ணே," என்றாள்.

அவர் வைத்தார்.

சில்லு விழுந்த மறுவாரம் உரிமையாளர்கள் ஒரு பொறியாளரை அமர்த்தினார்கள். நாற்பத்தாறில் பத்தொன்பது கற்கள் அடுக்கு செங்குத்தாக நிற்கும்படி வைக்கப்பட்டிருப்பதாக அவர் எழுதினார். யார் முடிவு அது என்று உரிமையாளர்கள் கடிதம் போட்டார்கள்.

பங்சார் அலுவலகத்தில் லோகன் அந்தக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"கன்னையாதான வச்சாரு?"

"ஆமா பாஸ். அவர்தான் வச்சாரு."

"கல்லு தெரிஞ்ச ஆளுன்னு சொல்லித்தான லா அவருக்கு வேலை பெர்மிட் எடுத்தோம்! நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"சீக்கிரம் முடிக்கச் சொன்னேன்."

"அதை யாருதான் சொல்லலை?" என்று லோகன் கணினிப் பக்கம் திரும்பினார். கொத்தனாரின் கவனக்குறைவு என்று பதில் தயாரானது. மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவள் கையெழுத்திட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கிள்ளானுக்குப் போனாள். அங்கே ஒரு கோயில் மதில் வேலையில் இருந்தார் கன்னையா. ஏப்ரலில் அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். இனிப் புதுப்பிப்பதில்லை என்று அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள்.

"வாங்க மேடம். டீ குடிக்கிறீங்களா? இங்க தே தாரிக், அந்த இழுத்து ஆத்தற டீ, போடறவன் கை நம்ம கொத்தனாருங்க கையைவிட நல்லா வீசுது."

அவள் சிரிக்க முயன்றாள். டீ வந்தது.

"பெரியவளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு," என்றார் அவர். "இன்னும் ஒரு வருஷம் இருந்தாக் கல்யாணக் கடனை அடைச்சுடுவேன். ஆபீஸ்ல என்னைக் கேட்டாங்க. நான் அப்பவே சொன்னேன், மேடத்துக்குத் தெரியும்னேன். ராத்திரி ஒரு மெசேஜ் போட்டேனே, அது உங்க போன்ல இருக்கா? என் போன் சிமென்ட் தொட்டியில விழுந்து போச்சு."

"பாக்கறேன் அண்ணே."

"இருந்தா பாஸுக்கு அனுப்பிடுங்க. உங்க மேல கோபமெல்லாம் இல்ல மேடம். பூசை போட்டது தப்பா என்ன?"

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் செய்தி இருந்தது. முந்தின நாளே தேடி எடுத்துக் கேட்டிருந்தாள். மறுபடி கேட்டாள். நாற்பத்தொரு விநாடி. 'மேடம், கோடு அழிஞ்சதுல தப்பில்ல. ஆனா பாக்காம வச்சா தப்பாயிடும். பாஸ்கிட்ட நானே வேணாலும் பேசறேன்.' பின்னால் யாரோ மலாய் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம்.

செய்தியைத் தொட்டு, அனுப்பும் பட்டியலில் லோகனின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். அனுப்பினால் தான் கையெழுத்திட்ட கடிதம் பொய்யாகிவிடும். பதினாறு வருடம். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம். பின்னால் ஒரு லோரி வழி கேட்டு ஹார்ன் அடித்தது. போனை இருக்கையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். வீட்டுக்குப் போய் நிதானமாக அனுப்பலாம் என்று நினைத்தாள். வீட்டில், நாளைக்கு நேரில் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. நேரில் போனபோது லோகனிடம் ஆட்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் அவர் பினாங்குக்குப் போனார். திரும்பி வந்த பிறகு அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 19 அன்று கன்னையா சென்னைக்கு விமானம் ஏறினார். விமான நிலையத்துக்கு நிறுவனத்தின் வேன் போனது.

ஜூன் மாதம் பத்தொன்பது கற்களையும் பெயர்த்தெடுத்து, அதே அளவில் சிமென்ட் கட்டிகளை வார்த்து வைத்து, மணல் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். அந்த வேலைக்கும் உஷாராணியே மேற்பார்வையாளர். வேலை இருபத்தொன்றாம் தேதி முடிந்தது.